என் பெயரில் உள்ள சாய்கோடு

போன செவ்வாய்க்கிழமை பூச்சோங் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது நூருல் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு மருத்துவமனையில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். கிள்ளானில் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை.

“அங்கிள், பழைய சர்வரை இந்த வாரம் மூடுறோம். எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திக்கிட்டு இருக்கேன். ஒண்ணு மட்டும் புரியல. தினம் காலையில ஆறு மணிக்கு உங்க பேர்ல ஒரு படம் தானா ஏறுது. வெறும் வெள்ளைப் படம். ஏறி, அஞ்சு நிமிஷத்துல தானா அழியுது. நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே, தூக்கிடவா?”

“தூக்காதே,” என்றேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். மீன்காரர் வெட்டுக் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“சரி சரி அங்கிள், தூக்கல. எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

தெருவில் நின்று சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை. அன்று மாலை அவளுக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். எழுதி முடித்தபோதுதான் தோன்றியது, யாழினி, அகிலன், என் பிள்ளைகளான உங்கள் இருவருக்கும் இதை நான் சொன்னதே இல்லை. உங்கள் பெயர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், நின்றவன். முதலில் தொலைபேசிக் கம்பி இழுக்கும் குத்தகைக்காரரிடம் வேலை. பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் சாமான் அறை. அங்கே கணினிகள் வந்தபோது கம்பி இழுக்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். கம்பியிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து சர்வருக்கு என்று நகர்ந்தேன். மாலை வகுப்புகள், பாதி புரிந்த ஆங்கிலக் கையேடுகள், மனப்பாடம் செய்த கட்டளைகள். இருபத்து சொச்சம் வருடம் இந்தச் சில வரிகளில் அடங்கிவிடும். அடங்காமல் நிற்பது ஒரே ஒரு பிற்பகல்.

அப்போது எங்கள் பிரிவுக்குத் தலைவி மிஸ் யோங். என்னைவிடப் பதினாறு வயது இளையவர். சர்வர் அறைக் குளிருக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டை, காதில் பென்சில். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்துவிடலாம், இவரைச் சமாளிக்க முடியாது. “ஓடுது மிஸ்” என்று நான் போய் நின்றால் தலையைத் தூக்க மாட்டார். “ஓடுறது தெரியும். எங்க உடையும், சரா?” என்பார். என் ஆங்கிலம் தடுமாறும் என்று தெரிந்து என்னோடு மலாயில்தான் பேசுவார். அந்தக் கேள்விக்குப் பதில் கொடுக்காமல் கையெழுத்து விழாது.

அந்த வருடம் ஒரு நோயாளியின் காயப் படம் ஊழியர் ஒருவரின் சொந்தக் கைப்பேசியிலிருந்து வெளியே போய் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. நிர்வாகம் நடுங்கிப்போனது. இனி சொந்தக் கைப்பேசி லாக்கரில், வேலைப் பேச்சு எல்லாம் மருத்துவமனையின் சொந்தச் சர்வரில் என்று உத்தரவு. உரையாடல் சர்வரை ஒரு மாதத்தில் நிறுவினேன். எழுத்துகள் ஓடின. ஆனால் கிள்ளானில் இருந்த எங்கள் கிளினிக்கிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் டாக்டர்களுக்கு முக்கியமாகப் போக வேண்டியது படம்: எக்ஸ்ரே, காயம், இதயத்துடிப்பை வரைந்து காட்டும் ஈசிஜி தாள். அதற்குப் படம் ஏற்றும் சேவை ஒன்றைத் தனியாக வைக்க வேண்டும்.

அது எப்படி வேலை செய்கிறது என்று உங்கள் அம்மாவுக்கு ஒருமுறை பத்துமலைக் கோயில் செருப்புக் கூண்டை வைத்து விளக்கினேன். செருப்பைத் தூக்கிக்கொண்டா மலை ஏறுகிறோம்? கூண்டில் கொடுத்துவிட்டு டோக்கனோடு ஏறுகிறோம். அதே மாதிரிதான். பாரமான படத்தை உரையாடல் சர்வர் சுமக்காது. நர்ஸின் கைப்பேசி முதலில் அதனிடம், “இந்தப் பெயரில், இந்த அளவில் ஒரு படம் இருக்கிறது” என்று கேட்கும். அது ஒரு முகவரி கொடுக்கும், படத்தை வைக்க ஐந்து நிமிடம் மட்டும் அவகாசம் உள்ள முகவரி. கைப்பேசி அந்த முகவரியில் படத்தை வைத்துவிட்டு, முகவரியை மட்டும் டாக்டருக்குச் செய்தியாக அனுப்பும். டாக்டர் தொட்டால் படம் திறக்கும்.

வைக்கிற வேலையில் ஒவ்வொரு படியையும் கெட்டி அட்டை நோட்டில் எழுதினேன். படங்களுக்குத் தனி டிஸ்க், அது நிரம்பினாலும் பேச்சு நிற்கக் கூடாது. படத்தின் அளவு வரம்பை உயர்த்த வேண்டும், ஏனென்றால் தானாக வரும் வரம்புக்குள் இந்தக் காலத்துக் கைப்பேசிப் படம் ஒன்றுகூட நுழையாது. முப்பது நாள் கழித்துப் படம் அழிய வேண்டும். கடைசியாகக் காவல். இணையத்தில் ஒரு கதவு திறந்தால் போதும், எங்கிருந்தோ ஆட்கள் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் முகவரிக்கு ஒரு விதி எழுதினேன்: சர்வர் கொடுத்த எழுத்துக்கொத்து, ஒரு சாய்கோடு, படத்தின் பெயர். இந்த மூன்றுக்கு மேல் எது இருந்தாலும் வாய் திறக்காமல் திருப்பி அனுப்பு. திருப்பி அனுப்பியவை மட்டும் ஒரு தனிக் கோப்பில் பதிவாகும். அந்தக் கோப்புக்கு மலாயில் ‘பெஞ்சூரி’, அதாவது திருடன், என்று பெயர் வைத்தேன். தினமும் அதில் ஆயிரக்கணக்கில் வரிகள் விழும். நான் திறந்து பார்ப்பதில்லை. திருடர்களை எண்ணி என்ன செய்ய?

படத்துக்குப் பெயர் வைப்பது நோயாளியின் பெயரால். ஒரு சமயம் இரண்டு லெட்சுமிகளின் தாள்கள் மாறிப்போனதால், அடையாளக் கார்டில் இருப்பது போல் முழுப் பெயர் எழுத வேண்டும் என்று பதிவறை கண்டிப்பாகச் சொல்லியிருந்தது.

நாற்பது பெயர்கள் போட்டுச் சோதித்தேன். ‘டெஸ்ட்’, ‘ஏஏஏ’, ‘அலி பின் அபு’, ‘தான் ஆ மெங்’, என் பெயருக்கு ‘சரா கே’. எல்லாம் ஏறின. மிஸ் யோங் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார்.

“இதெல்லாம் நிஜ மனுசங்க பேரா?”

“சோதனைக்குத்தானே மிஸ். இது போதும்.”

பென்சிலால் மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

முதல் வாரமே கிள்ளான் நர்ஸ் பிரேமா கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். “அண்ணே, படம் போகல லா. சிவப்பா ‘தோல்வி’ன்னு வருது.”

அளவு வரம்பை இன்னும் உயர்த்தினேன். மறுநாளும் கூப்பிட்டாள். கிளினிக்கின் இணைய லைனைக் குறை சொன்னேன். மூன்றாம் நாள், “சிலது போகுது, சிலது போகலண்ணே” என்றாள். கைப்பேசியை அடைத்துத் திறக்கச் சொன்னேன். அவளே ஒரு வழி கண்டுபிடித்து வெறுமனே ‘லெட்சுமி’ என்று போட்டு அனுப்பினாள். படம் போனது. ஆனால் முழுப் பெயர் எங்கே என்று பதிவறை அவளைக் கூப்பிட்டுத் திட்டியது; அதற்குப் பிறகு அவள் பெயரைச் சுருக்கத் துணியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

“அண்ணே, நான் உத்துப் பாத்துட்டேன். மலாய்க்காரங்க படம் போகுது, சீனவங்க படம் போகுது. நம்ம ஆளுங்க படம்தான் போகமாட்டேங்குது. மெஷினுக்கும் நம்மளப் புடிக்கல போல.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“மெஷினுக்கு இனம் கினம் எல்லாம் தெரியாதும்மா. காப்பிக்கடைப் பேச்சை வேலையில பேசாதே. லைன் ஸ்லோ, அவ்வளவுதான்.”

ஏன் கோபம் வந்தது என்று பின்னால் பல நாள் யோசித்திருக்கிறேன். இத்தனை வருட வேலையில், நம்மவன் என்பதால்தான் எனக்கு இப்படி நடந்தது என்று ஒரு தடவைகூட நான் வாய் திறந்ததில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை. மிஸ் யோங் காதில் அந்தப் பேச்சு விழுந்துவிடுமோ என்று கூச்சம். பிரேமா குறை சொல்லவில்லை, தான் கண்டதைச் சொன்னாள். சொன்ன விதம் எனக்குப் பிடிக்காததால் சொன்ன விஷயத்தை நான் கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை. மணி இரண்டு பதினாறு. சர்வர் அறைச் சுவரில் கடிகாரம் எதிரேயே இருந்ததால் இந்த மணியெல்லாம் மறக்கவில்லை. பிரேமாவின் குரலில் சிரிப்பு இல்லை.

“அண்ணே, நெஞ்சு வலின்னு ஒருத்தர் வந்திருக்காரு. லோரி ஓட்டுறவரு. ஈசிஜி எடுத்தாச்சு. ரெண்டு பத்துல இருந்து அனுப்புறேன், தோல்வி தோல்வின்னே வருது. இங்க டாக்டர் கத்துறாரு. அங்க இதய டாக்டர் தாளைப் பாத்தாத்தான் அறையைத் தருவாராம்.”

எங்கள் மருத்துவமனையில் இதய ரத்தக் குழாய் அடைப்பை எடுக்கும் அறை ஒன்றே ஒன்று. அடுத்த நோயாளியை மேசையில் ஏற்றத் தயாராக வைத்திருந்தார்கள். ஏற்றிவிட்டால் ஒன்றரை மணி நேரத்துக்கு அறை கிடைக்காது. இதய டாக்டர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்: “ரெண்டரை வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். வாயால சொல்றதைக் கேட்டு நான் அறையை மாத்த முடியாது. எனக்குத் தாளைக் காட்டுங்க.” அந்த அறைக்குள் யாருடைய சொந்தக் கைப்பேசியும் போகாது. எங்கள் சர்வரோடு இணைந்த மருத்துவமனை டேப்லெட் ஒன்று மட்டும்தான் உள்ளே இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? “படம் எவ்வளவு பெருசும்மா?” என்று கேட்டேன். அடைத்துத் திறக்கச் சொன்னேன். சின்னதாக எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. என் பதிவுக் கோப்பில் பிழை என்று ஒரு வரி இல்லை. உரையாடல் சர்வர் பச்சை, டிஸ்க் பச்சை, லைன் பச்சை. எல்லாம் பச்சையாக இருக்கும்போது வருகிற பயம் சிவப்பைப் பார்த்தால் வருவதில்லை. மணி இரண்டு இருபத்திரண்டு.

பின்னால் கம்பளிச் சட்டையின் உரசல் கேட்டது. மிஸ் யோங் எத்தனை நேரமாக நின்றுகொண்டிருந்தாரோ தெரியாது.

“ஸ்பீக்கர்ல போடு,” என்றார். “பிரேமா, உன் போன் லாக்கர்லதானே? ஓடிப் போய் எடு. அதுல படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் மேல ஓடி அறை வாசல்ல காட்டுறேன். உத்தரவை மீறுனது நான்னு எழுதிக்கோ.”

“லாக்கர் சாவி சூப்பர்வைசர்கிட்ட மிஸ். அவங்க சாப்பிடப் போயிருக்காங்க.”

“தேடு. சரா, நீ இந்தப் பக்கம். அவ என்ன அடிக்கிறாளோ அதையே அடி. குறைக்காதே, சுருக்காதே.”

மேசையில் இருந்த சோதனைக் கைப்பேசியை எடுத்தேன். அடையாளக் கார்டில் உள்ளபடி முழுப் பெயர் என்று கட்டம் கேட்டது. அவசரத்தில் நோயாளியின் பெயர் வாயில் வரவில்லை. என் கார்டில் இருப்பதையே அடித்தேன். சரவணன். அடுத்து ‘ஏ’. அடுத்து எல்லாரும் போடும் அந்தச் சாய்கோடு. என் விரல் அதன் மேல் நின்றுவிட்டது.

‘ஏ/எல்’. மலாயில் ‘அனாக் லெலாக்கி’, இன்னாரின் மகன். பெண் பிள்ளைக்கு ‘ஏ/பி’. நம் ஜனங்கள் பெயரிலெல்லாம், அப்பா பெயருக்கு முன்னால், பிறப்புப் பத்திரத்திலிருந்து மரணப் பத்திரம் வரை அந்தக் கோடு இருக்கும். சர்வருக்கோ அந்தக் கோடு ஒரு சுவர். ஒரு அறை முடிந்து அடுத்த அறை தொடங்குகிறது என்று அர்த்தம். சர்வர் கொடுத்த எழுத்துக்கொத்து, ஒரு சாய்கோடு, பெயர். அதற்குமேல் இன்னொரு சாய்கோடு வந்தால் வாய் திறக்காமல் திருப்பி அனுப்பு. அந்த விதியை எழுதியவன் நான். இரண்டு கோடும் எனக்குப் பழக்கம், ஒன்று பிறந்ததிலிருந்து, மற்றது வேலைக்கு வந்ததிலிருந்து. இரண்டும் ஒரே கோடு என்று அந்த நிமிடம் வரை எனக்கு உறைக்கவில்லை.

“பிரேமா!” என்று கத்தினேன். பதில் இல்லை. சாவி தேடப் போயிருந்தாள். “பிரேமா! யாராச்சும் இருக்கீங்களா?”

ஒரு பெண் குரல் கேட்டது. “நர்ஸ் வெளிய ஓடுறாங்க. நான் அவரோட சம்சாரம். எம் புருசனுக்கு என்னாச்சுன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறீங்களே?”

“அம்மா, நர்ஸைக் கூப்பிடுங்க. சாவி வேணாம்னு சொல்லுங்க. சீக்கிரம்!”

அவர் போட்ட சத்தம் ஸ்பீக்கரில் வெடித்தது. செருப்பொலி திரும்பி வந்தது. மணி இரண்டு இருபத்தாறு.

“பேர்ல அந்த ஸ்லாஷை எடுத்துடும்மா. ‘ஏ’, நேர் கோடு, ‘எல்’னு போடு. நேர் கோடு, ஹைபன்!”

“நேர் கோடா அண்ணே? பதிவறை திட்டுவாங்க—”

“நான் வாங்கிக்கிறேன். போடு!”

சின்னச் சின்னத் தட்டல்கள். பிறகு மூச்சு. பிறகு, “போயிருச்சு. அண்ணே, போயிருச்சு.”

இரண்டு இருபத்தெட்டு. மேலே அறையிலிருந்து மிஸ் யோங்கின் மேசைத் தொலைபேசிக்கு ஒரே வாக்கியம் வந்தது: ஏற்றிக்கொண்டு வரட்டும், அறை தயார்.

பெடரல் நெடுஞ்சாலையில் ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தபோது மிஸ் யோங் உட்காரவில்லை. “திருப்பி அனுப்புனதெல்லாம் எங்க பதிவாகுது?” என்றார். திறந்தேன். வெளியூர்க் குப்பை வரிகளுக்கு நடுவே அவர்கள் இருந்தார்கள். லெட்சுமி ஏ/பி வேலு. சிவகுமார் ஏ/எல் கணேசன். இன்னும் எத்தனையோ பேர். கடைசியாக, முனியாண்டி ஏ/எல் ராமசாமி, ஒன்பது தடவை. கை உடைந்தவர்களும் காய்ச்சல்காரர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் ஒரு வாரத்துக்கும் மேலாக, நான் ‘திருடன்’ என்று பெயர் வைத்த கோப்பில் வரிசையாக நின்றிருந்தார்கள்.

மிஸ் யோங் மெதுவாக முழுவதையும் படித்தார். “முதல்ல இந்தக் கோப்போட பேரை மாத்து,” என்றார். அறிக்கையில் தவறுக்குப் பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரை முதலில் எழுதி, என் பெயரை அடுத்து எழுதினார்.

முனியாண்டி பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மிஸ் யோங் என்னை வார்டுக்கு அழைத்துப் போனார். போகும் வழியில், “நீயே சொல்லு. அவங்க மொழியில சொல்லு,” என்றார். சொன்னேன். தாள் பதினெட்டு நிமிடம் தாமதமாகப் போனதையும், தாமதத்துக்குக் காரணம் அவர் பெயரில் இருந்த கோடு என்பதையும், அந்தக் கோட்டைத் தடுத்தது நான் எழுதிய விதி என்பதையும்.

அவர் மனைவி சரோஜா என்னை நிமிர்ந்து பார்த்தார். “பேரு படிக்கத் தெரியாத மெஷினை எதுக்குய்யா வாங்கி வச்சீங்க?”

“மெஷின் மேல தப்பில்லம்மா. நான்தான் சொல்லித் தரல.”

“ஒங்க பேர்ல அந்தக் கோடு இல்லையா?”

முனியாண்டி சிரித்தார். “எங்கப்பா செத்து இருபது வருசமாச்சு. இன்னமும் வாசல்ல நின்னுக்கிட்டு என்னை உள்ள விடமாட்டேங்குறாரு பாரு.” சிரித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சரோஜா சிரிக்கவில்லை. “இனிமே லோரி ஓட்டக் கூடாதாம்,” என்று மட்டும் சொன்னார்.

பதினெட்டு நிமிடம் முன்னால் போயிருந்தால் ஓட்டியிருப்பாரா என்று இதய டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். “தெரியாது,” என்றார். “இல்லை” என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை.

அன்றே விதியைத் திருத்தினேன். பெயரில் எந்தக் குறி வந்தாலும் சர்வர் தானே அதை நேர்கோடாக மாற்றிக்கொள்ளும், காட்டும்போது பழையபடி காட்டும். திருத்தியதோடு என் மனசு ஆறவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு, என் முழுப் பெயரில், கோட்டோடு, ஒரு வெள்ளைப் படம் ஏற வேண்டும் என்று வைத்தேன். ஏறாவிட்டால் முதல் மணி என் கைப்பேசியில் அடிக்கும். கதவு இன்றும் திறந்திருக்கிறதா என்று முதலில் நான் போய்த் தட்ட வேண்டும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் தட்டக் கூடாது.

இப்போது உங்கள் விஷயம். யாழினி, நீ பிறந்தபோது பதிவு அலுவலகத்துப் பெண்மணி, ‘ஏ/பி’ போடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அகிலனுக்கும் அப்படியே. உங்கள் அம்மா காரணம் கேட்டபோது, விண்ணப்பப் பாரத்தில் இடம் போதாது என்று சொல்லி வைத்தேன். அது பொய். பள்ளியில், வேலைத் தளத்தில், அந்தக் கோட்டைக் காட்டி என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன். என் பெயரையும் முடிந்த இடத்திலெல்லாம் ‘சரா கே’ என்றே எழுதிப் பழகினேன். சோதனைப் பட்டியலிலும் அப்படித்தான் எழுதினேன். அன்றைக்கு என் பெயரை முழுதாக அடித்திருந்தால், முதல் நாளே, ஒரு உயிரும் பதறாமல், அது உடைந்திருக்கும். உங்கள் பெயரை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. அந்தக் கோட்டை அன்று எதற்காக விட்டேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நேற்றுக் காலை நூருலிடமிருந்து செய்தி வந்தது. புதுச் சர்வர் தயாராகிவிட்டது, திங்கட்கிழமைதான் நர்ஸுகள் கைக்குப் போகும். அவள் பெயர் கார்டில் ‘நூருல் ஐன்’. ‘ஐன்’ என்பதற்கு முன்னால் மேலே காற்புள்ளி போல் ஒரு சின்னக் குறி தொங்கும். நான் இத்தனை நாள் அதைக் கவனித்ததில்லை.

“அங்கிள், உங்க படம் ஏறிடுச்சு. அதுக்குக் கீழ என் பேரையும் போட்டேன், கார்டுல இருக்குற மாதிரியே. என்னுது ஏறல லா! புது விதியை நீங்க எழுதின ஸ்லாஷுக்கு மட்டும்தான் போட்டிருந்தேன். நல்லவேளை இன்னிக்கே பாத்தேன். சரி பண்ணிட்டுக் கூப்பிடுறேன்.”